டிக்கெட் ஏன் நகரவில்லை? ஸ்க்ரம் குழுவில் பழுது கண்டுபிடிக்கும் வழி

ஸ்டாண்ட்அப் (வேலை நிலவரம் பேசும் குறுங்கூட்டம்) தினமும் நடக்கிறது, ரெட்ரோ (நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம்) தவறுவதில்லை, டிக்கெட்டுகள், அதாவது தனித்தனி வேலைகள், எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஜிரா போர்டு பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் ரிலீஸ் வந்தால் சனி, ஞாயிறு போய்விடுகிறது. அப்படிப்பட்ட ஸ்க்ரம் குழுவின், அதாவது மென்பொருளைச் சிறு சுற்றுகளாகச் செய்யும் குழுவின், லீடுக்கும் மேனேஜருக்கும் இந்த வழிமுறை. கணக்கு புரிவதற்காக, சென்னையில் சாதாரணமாகப் பார்க்கக் கிடைக்கும் ஓர் அமைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: ஐந்து டெவலப்பர், இரண்டு டெஸ்டர், ஒரு லீட். எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யும் புராடக்ட் ஓனர் அமெரிக்கக் கிழக்குக் கரையில். ஒரு ஸ்பிரிண்ட் (ஒரு வேலைச் சுற்று) இரண்டு வாரம், அதாவது பத்து வேலை நாள். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் விதம் ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். அறிகுறி தெரிகிற இடத்தில் காரணம் இருப்பது அபூர்வம். மீட்டிங் இழுக்கிறது என்று மீட்டிங்கைச் சுருக்கினால், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: ஒரே நேரத்தில் கையில் எடுத்த வேலை அதிகம், அல்லது உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம்.

கை வைப்பதற்கு முன்: ஒரு மணி நேர அளவீடு

கடைசியாக முடிந்த 20 டிக்கெட்டுகளை எடுங்கள். ஒவ்வொன்றின் ஹிஸ்டரியிலிருந்தும் ஐந்து தேதிகளை ஒரு ஷீட்டில் எழுதுங்கள்: வேலை தொடங்கியது, பி.ஆர். (புல் ரிக்வெஸ்ட்: எழுதிய நிரலை மற்றவர் பார்வைக்கு வைப்பது) போட்டது, மெர்ஜ் ஆனது (குழுவின் பொது நிரலில் சேர்ந்தது), டெஸ்டர் எடுத்தது, முடிந்தது. கூடவே, இன்றைக்கு எத்தனை டிக்கெட் திறந்து கிடக்கிறது, கடந்த மூன்று ஸ்பிரிண்டில் நடுவில் வந்து விழுந்தவை எத்தனை என்ற இரண்டு எண்கள்.

யார் செய்தது என்ற நெடுவரிசையை ஷீட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. பெயர் இருந்தால் அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் ஸ்டேட்டஸைத் தமக்குச் சாதகமான நேரத்தில் மாற்றத் தொடங்குவார்கள். பிறகு அந்த ஷீட் எதற்கும் உதவாது.

ஒரு டிக்கெட் எப்படி நகர்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். செவ்வாய் காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. புதன் மாலை 4 மணிக்கு பி.ஆர். வருகிறது. வியாழன் முழுக்க அதை யாரும் திறக்கவில்லை. வெள்ளி காலை 11 மணிக்கு முதல் ரிவ்யூ கமெண்ட். இருபது நிமிடத்தில் திருத்தம். மாலை 6 மணிக்கு மெர்ஜ். திங்கள் க்யூஏ பில்டில் (சோதனைக்கான பதிப்பில்) ஏறுகிறது. டெஸ்டருக்கு வேறு மூன்று டிக்கெட் இருப்பதால் புதன் மதியம் 2 மணிக்குத்தான் எடுக்கிறார்; 5 மணிக்குப் பாஸ்.

மொத்தம் ஏழு வேலை நாள், 56 மணி நேரம். டெவலப்பர் சுமார் 10 மணி நேரம், ரிவ்யூவும் திருத்தமும் சேர்ந்து ஒரு மணி நேரம், டெஸ்டிங் 3 மணி நேரம். ஆக, யாராவது உண்மையில் தொட்ட நேரம் 14 மணி. கால்பங்கு வேலை, முக்கால்பங்கு காத்திருப்பு. டெவலப்பரை இருபது சதவீதம் வேகமாக எழுதச் சொன்னால் மிச்சமாவது சுமார் இரண்டு மணி நேரம். ரிவ்யூ காத்திருப்பை மட்டும் நீக்கினால் ஒன்றரை நாள் மிச்சம்.

இந்த ஷீட் கையில் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம். ஒரு ஸ்பிரிண்டுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து அதே ஐந்து தேதிகளை எடுத்து ஒப்பிடுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

அறிகுறி: எட்டாம் நாள் வரை டெஸ்டர் கை காலி, கடைசி இரண்டு நாளில் குவியல்

இதுதான் மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. டெஸ்டிங்கில் குவிவதால் பழி டெஸ்டர் மீது விழும். இன்னொரு டெஸ்டர் கேட்டு மெயில் போகும். அதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், திறந்து கிடக்கும் டிக்கெட்டுகளை எண்ணுங்கள். டெவலப்மெண்ட், ரிவ்யூ, டெஸ்டிங் மூன்றிலும் சேர்த்து 14 இருக்கிறது, குழு சராசரியாக நாளுக்கு ஒன்று முடிக்கிறது என்று வையுங்கள். ஒரு டிக்கெட் முடியச் சராசரியாக 14 வேலை நாள் ஆகும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசை விதி இதுதான்: கையில் உள்ள எண்ணிக்கையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காலம் கிடைக்கும். ஸ்பிரிண்ட் 10 நாள், டிக்கெட்டுக்கு 14 நாள். ஸ்பில்ஓவர் (வேலை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போவது) வருவது வெறும் வகுத்தல் கணக்கு; யாருடைய சோம்பலும் இல்லை. கையில் உள்ளதை 7 ஆக்கினால் அதே வேகத்தில் காலம் 7 நாள்.

செய்ய வேண்டியது: போர்டின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் உச்ச வரம்பு வையுங்கள். இந்தக் குழுவுக்கு டெவலப்மெண்ட் 5, ரிவ்யூ 2, டெஸ்டிங் 3 என்று தொடங்கலாம். அடுத்த ஸ்பிரிண்டில் டெவலப்மெண்டை 4 ஆக்குங்கள். ஜிரா போர்டு செட்டிங்ஸில் நெடுவரிசைக்கு மேக்ஸிமம் எண் கொடுத்தால், மீறும்போது நெடுவரிசை சிவப்பாகும். ஆனால் ஜிரா யாரையும் தடுக்காது. அதனால் விதியை வாயால் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும்: சிவப்பாக இருந்தால் இடப்பக்கத்திலிருந்து புதிதாக எடுக்கக் கூடாது, வலப்பக்கம் போய் எதையாவது முடிக்க உதவ வேண்டும்.

இங்கே மூன்று தில்லுமுல்லு நடக்கும். வேலையைத் தொடங்கிவிட்டு டிக்கெட்டை மட்டும் டூ-டூவில் (இனி செய்ய வேண்டியவற்றில்) வைத்திருப்பது. ‘பிளாக்டு’ (தடைபட்டது) என்று புது நெடுவரிசை திறந்து அங்கே தள்ளுவது; பிளாக்டும் வரம்பில் சேர்த்திதான். மூன்றாவது மேனேஜரிடமிருந்து வரும்: “அப்போ ஒரு டெவலப்பர் சும்மா உக்காந்திருப்பாரே?” சும்மா இரு என்பது முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்ன உபதேசம், பில்லிங் ஷீட்டுக்கு அது ஏறாது. சும்மா இருக்கத் தேவையும் இல்லை. காத்திருக்கும் பி.ஆரைப் பார்க்கலாம், டெஸ்ட் டேட்டா தயார் செய்யலாம், பழையது கெடவில்லையே என்று கையால் ஓட்டிப் பார்க்கும் ரிக்ரெஷன் கேஸ் ஒன்றை ஆட்டோமேட் செய்யலாம். புதிய டிக்கெட்டைத் திறப்பதைவிட இவை எல்லாமே லாபம்.

அடுத்து, ஸ்டோரியின், அதாவது பயனருக்கான ஒரு வசதியைச் சொல்லும் டிக்கெட்டின், அளவு. தொடங்கி மூன்று நாளுக்குள் டெஸ்டர் கைக்கு வராத ஸ்டோரி பெரியது. பிரிக்கும்போது நடக்கும் தவறு, அடுக்கு வாரியாகப் பிரிப்பது: டேட்டாபேஸ் ஒரு டிக்கெட், ஏபிஐ ஒரு டிக்கெட், ஸ்கிரீன் ஒரு டிக்கெட். மூன்றாவது முடியும்வரை டெஸ்டருக்குத் தொட எதுவும் இல்லை. பயனர் செய்யும் காரியத்தின்படி பிரியுங்கள். “இன்வாய்ஸ் பதிவிறக்கம்” என்றால், முதலில் ஒரே இன்வாய்ஸ் பிடிஎஃபாக. பிறகு தேதி வரம்பு கொடுத்துப் பல இன்வாய்ஸ். பிறகு மெயிலில் அனுப்புவது. முதலாவது வந்த அன்றே சோதிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் மூன்றாவதைச் செய்யாமலே விட்டுவிடலாம்.

பிறகு ரிவ்யூ. பி.ஆர். போட்டு நான்கு வேலை மணி நேரத்துக்குள் யாராவது பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சொந்த வேலையைத் திறப்பதற்கு முன் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை என்று எல்லோரும் பி.ஆர். பட்டியலைப் பார்த்தாலே இது நடந்துவிடும். மாற்றிய வரிகள் 300-க்கு மேல் போனால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். 900 வரி பி.ஆரை யாரும் படிப்பதில்லை, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். லீட் ஒருவர்தான் அப்ரூவ் செய்யலாம் என்ற ரூல், கோட் இருக்கும் ரெப்பாஸிடரியில் இருக்கிறதா பாருங்கள். பல குழுக்களில் அடைப்பு அங்கேதான். லீடின் காலண்டரில் நாளுக்கு ஐந்து மணி நேரம் அழைப்புகள் இருக்கும்போது அவர் எப்போது ரிவ்யூ செய்வார்?

இவை மூன்றும் சரியாக இருந்தும் குவிந்தால், அப்போது டெஸ்டர் கேட்டு மெயில் போடுங்கள்.

அறிகுறி: ஸ்டாண்ட்அப் நாற்பது நிமிடம்

“நேத்து பேமெண்ட் டிக்கெட் பாத்தேன், இன்னைக்கும் கண்டினியூ பண்றேன், நோ பிளாக்கர்ஸ்.” இந்த வாக்கியம் ஒரே ஆளிடமிருந்து மூன்று நாள் தொடர்ந்து வந்தால் அங்கே ஒரு பிளாக்கர் (தடை) இருக்கிறது. சொல்பவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கவனியுங்கள். எல்லோரும் லீடைப் பார்த்தே பேசினால் அது ஆஜர் பட்டியல். தன் முறை முடிந்ததும் மியூட் போட்டுவிட்டு மெயில் பார்ப்பார்கள்.

நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகள் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் இல்லை. பதினைந்து நிமிட வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆள் ஆளாகக் கேட்பதை விட்டுவிட்டு, போர்டை வலமிருந்து இடமாக நடத்துங்கள். முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட் முதலில். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: “இது அடுத்த கட்டத்துக்குப் போக யார் என்ன செய்யணும்?” மூன்று நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பவற்றுக்கு மட்டும் நேரம் கொடுங்கள். தொழில்நுட்ப விவாதம் கிளம்பினால், சம்பந்தப்பட்ட இரண்டு பேர் பின்னால் இருந்து பேசட்டும். டூ-டூ நெடுவரிசையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கிளையண்ட் மேனேஜர் அதே அழைப்பில் உட்கார்ந்திருந்தால் இது எதுவும் நடக்காது. அவர் முன்னால் “எனக்கு இது புரியவில்லை” என்று யார் சொல்வார்கள்? குழுவின் ஸ்டாண்ட்அப்பைக் காலை 10.30-க்கு உள்ளூரில் வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்டுக்குத் தினமும் ஐந்து வரி எழுத்தில் போகட்டும். புராடக்ட் ஓனருடன் வாரம் இரண்டு முறை அரை மணி நேரம். நியூயார்க்கின் காலை 10 மணி கோடையில் நமக்கு இரவு 7.30, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரம் மாறியதும் அதே அழைப்பு 8.30 ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை. குளிர்காலத்தில் அழைப்பை அவர்களின் 9 மணிக்கு மாற்றித் தரக் கேட்பது நியாயமான கோரிக்கை. யாரும் கேட்பதில்லை என்பதால்தான் கிடைப்பதில்லை.

அறிகுறி: வெலாசிட்டி ஏறுகிறது, ரிலீஸ் ஏறவில்லை

வெலாசிட்டி என்பது ஒரு ஸ்பிரிண்டில் முடிக்கும் ஸ்டோரி பாயிண்ட், அதாவது வேலையின் அளவுக்குக் குழு போடும் மதிப்பெண். ஆறு ஸ்பிரிண்டில் 20 பாயிண்ட் 34 ஆகிவிட்டது. முடிந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. முன்பு 3 பாயிண்ட் போட்ட வேலைக்கு இப்போது 5 போடுகிறார்கள், அவ்வளவுதான். யாரும் பொய் சொல்லவில்லை. அளவை இலக்காக்கினால் அளவுகோல் நீளும். ஸ்டோரி பாயிண்டைக் கண்டுபிடித்தது ஒருவேளை தானாக இருக்கலாம் என்று சொல்லும் மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரீஸ், அப்படியென்றால் அதற்கு வருந்துகிறேன் என்றும் எழுதியிருக்கிறார்.

பாயிண்டைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலே அனுப்பும் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒரே ஸ்லைடில் போடவே கூடாது. அதற்குப் பதிலாக, ஷீட்டில் உள்ள 20 டிக்கெட்டையும் எடுத்துக்கொண்ட நாட்களின்படி ஏறுவரிசையில் அடுக்குங்கள். 17-ஆவது டிக்கெட்டின் எண்ணைப் பாருங்கள். அது 9 என்றால், “நாங்கள் தொடங்கும் வேலையில் 85 சதவீதம் ஒன்பது நாளுக்குள் முடிகிறது” என்று கிளையண்டிடம் சொல்லலாம். சராசரியைச் சொல்லாதீர்கள், சராசரியை நம்பித் தேதி கொடுத்தால் பல முறை தவறுவீர்கள்.

ஒப்பந்தத்திலேயே பாயிண்ட் கணக்கில் பணம் என்று எழுதியிருந்தால் குழு மட்டத்தில் இதற்கு மருந்து இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன் மேலே பேசுங்கள்.

அறிகுறி: டெமோவில் ஓடியது, புரொடக்‌ஷனில் விழுந்தது

சுருக்கமாக: ‘முடிந்தது’ என்றால் என்ன என்று ஏழெட்டு வரியில் எழுதி போர்டுக்கு மேலே ஒட்டுங்கள். மெர்ஜ் ஆகி, புரொடக்‌ஷன் (பயனர் உண்மையில் பயன்படுத்தும் இடம்) போன்ற சூழலில் ஓடி, டெஸ்ட் பாஸாகி, திரும்பப் பழைய வெர்ஷனுக்குப் போகும் வழியும் எழுதப்பட்டிருந்தால்தான் முடிந்தது. ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் பிராஞ்ச் (பொது நிரலில் இன்னும் சேராத தனிக் கிளை) எத்தனை என்று பாருங்கள். கடைசி நாள் மெர்ஜ் சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது. தொண்ணூறு சதவீதம் முடிந்தது என்று ஒன்று இல்லை. ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் ரிவ்யூ கூட்டத்தில் அதைக் காட்டாதீர்கள்.

அறிகுறி: ஸ்பிரிண்ட் நடுவில் வேலை வந்து விழுகிறது

கடந்த மூன்று ஸ்பிரிண்டில் 6, 9, 7 என்று வந்திருந்தால், நான்காவதிலும் ஏழெட்டு வரும். அதைத் தெரியாதது போலப் பிளானிங்கில் முழுக் கொள்ளளவையும் நிரப்புவது நம் தவறுதான். குழு ஸ்பிரிண்டுக்கு 20 டிக்கெட் முடிக்கிறது என்றால் 13 மட்டும் எடுங்கள்.

வாரத்துக்கு ஒருவர் டியூட்டி. புரொடக்‌ஷன் பக், “ஒரு சின்ன டேட்டா வேணும்”, இன்னொரு குழுவின் சந்தேகம் எல்லாம் அவரிடம் மட்டும் போகும். அவருக்கு அந்த வாரம் ஸ்டோரி கிடையாது. “டியூட்டியோட சேத்து இந்தச் சின்ன ஸ்டோரியையும் பாத்துக்கோங்க” என்று யாராவது சொன்ன அன்றே இந்த ஏற்பாடு செத்துவிடும். எப்போதும் ஜூனியரையே போடுவதும் அப்படித்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் சீனியரைக் கூப்பிடுவார், தொந்தரவு இரண்டு பேருக்கு. லீடும் முறையில் வரட்டும்.

அடுத்த ஸ்பிரிண்ட் வரை காத்திருக்க முடியாத அளவு பெரிதாக ஒன்று வந்தால், அதே அளவுள்ள ஒன்று வெளியே போக வேண்டும். எது போக வேண்டும் என்பதைப் புராடக்ட் ஓனர் சொல்லட்டும், எழுத்தில். முதல் இரண்டு முறை சங்கடமாக இருக்கும். மூன்றாவது முறை “அவசரம்” என்ற சொல் குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

அறிகுறி: ரெட்ரோவில் மௌனம்

“எல்லாம் நல்லா போச்சு, கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணலாம்.” ஒவ்வொரு ரெட்ரோவிலும் இதே ஒட்டுத்தாள். குழுவுக்கு அக்கறை இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு முன், கடந்த மூன்று ரெட்ரோவின் குறிப்புகளைத் திறங்கள். ஒன்பது ஆக்‌ஷன் ஐட்டம் எழுதி ஒன்று மட்டும் நடந்திருந்தால், பேசாமல் இருப்பவர்கள்தான் புத்திசாலிகள்.

அதனால் முதல் மருந்து: ஒரு ரெட்ரோவுக்கு ஒரே ஆக்‌ஷன். அதற்கு ஜிராவில் டிக்கெட், ஒரு பொறுப்பாளர், அடுத்த ஸ்பிரிண்டின் முதல் வரிசையில் இடம். குழுவால் முடியாததை, உதாரணமாக டெஸ்ட் சர்வர் வாங்குவதை, மேனேஜர் தன் பெயரில் எடுத்துக்கொண்டு, அடுத்த ரெட்ரோவின் முதல் இரண்டு நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். கிடைக்கவில்லை என்பதும் பதில்தான். பதிலே இல்லாததுதான் வாயை அடைக்கும்.

இரண்டாவது, அறையில் யார் இருக்கிறார்கள்? அப்ரைசல் எழுதுபவர் இரண்டு ரெட்ரோவுக்கு வராமல் இருந்து பாருங்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்பது விஷயமில்லை. ரேட்டிங் அவர் கையில் இருக்கும்போது, டிசைன் தவறியது அவருடைய முடிவால் என்று அப்ரைசல் நடக்கும் மார்ச் மாதத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்.

மூன்றாவது, பேசுவதற்கு முன் எழுதுவது. ஏழு நிமிடம், பெயர் இல்லாமல், எல்லோரும் ஒரே நேரத்தில். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று இல்லை. மீட்டிங் ஆங்கிலத்தில் ஓடினால் ஊர்ப்பக்கம் படித்து வந்த ஜூனியர்கள் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். தமிழில் விட்டால் அரை மணி நேரம் விவரமாகச் சொல்வார்கள். ஆனால் குழுவில் தமிழ் தெரியாத ஒருவர் இருந்தால் பேச்சு தமிழுக்குப் போனதும் அவர் காணாமல் போய்விடுவார். எழுதும் முறை இருவருக்கும் கைகொடுக்கும்: எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், நடத்துபவர் இரு மொழியிலும் வாசிக்கட்டும்.

நான்காவது, நம் ஷீட். “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்பதைவிட, மேலே பார்த்த ஏழு நாள் டிக்கெட்டைத் திரையில் போட்டு “வியாழன் அன்று இது ஏன் நின்றது?” என்று கேளுங்கள். ஆளைப் பற்றிய பேச்சு நாளைப் பற்றிய பேச்சாக மாறும்.

மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன் கண்டது இங்கே உதவும். நன்றாகச் செயல்பட்ட குழுக்களில்தான் பதிவான மருந்துத் தவறுகள் கூடுதலாக இருந்தன. அங்கே தவறை வெளியே சொல்ல முடிந்தது என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். ஆகவே மேற்சொன்னவற்றைச் செய்த முதல் இரண்டு, மூன்று மாதத்தில் பக் எண்ணிக்கையும் பிளாக்கர் எண்ணிக்கையும் ஏறினால் பதற வேண்டாம். அந்த நேரத்தில் “ஏன் இவ்வளவு பக்?” என்று ஒரு மெயில் போட்டால் போதும், எல்லாம் பழையபடி மௌனமாகிவிடும்.

அறிகுறி: நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று அடங்கிவிட்டார்

ரிவ்யூ கமெண்ட் சுருங்கும். டிசைன் விவாதத்தில் “ஓகே, டன்” என்று முடிப்பார். விடுப்பு ஒன்றிரண்டு நாளாகத் துண்டு துண்டாக வரும். ரெசிக்னேஷன் மெயில் வந்த பிறகு நடத்தும் பேச்சால் பயன் குறைவு. அதற்கு முன்பே தனிச் சந்திப்பு வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முப்பது நிமிடம். ரத்து செய்யக் கூடாது, தள்ளிவைக்கலாம். டிக்கெட் ஸ்டேட்டஸ் கேட்கக் கூடாது.

“எல்லாம் ஓகேவா?” என்றால் “ஓகே சார்” என்று பத்து விநாடியில் முடியும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

“போன ரெண்டு வாரத்துல உங்க நேரத்தை வீணாக்குன வேலை ஒண்ணு சொல்லுங்க.”

“அப்படில்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

“...அந்த டிப்ளாய்மெண்ட் ஷீட் சார். வியாழக்கிழமை பாதி நாள் அதுலயே போயிடுது.”

“அதை நிறுத்திட்டா யாரு கேப்பாங்க?”

“யாரும் படிக்கிற மாதிரி தெரியல.”

இப்போது வேலை உங்களுடையது. அந்த ஷீட் யாருக்குப் போகிறது என்று விசாரித்து, முடிந்தால் நிறுத்தி, அடுத்த சந்திப்பில் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். சின்ன விஷயத்தில் நம்பிக்கை வந்தால்தான் சம்பளம், ஆன்சைட் வாய்ப்பு, சக ஊழியரோடு உரசல் போன்றவை வெளியே வரும்.

குறை சொல்ல வேண்டியிருந்தால் இரண்டு நாளுக்குள், தனியாக, நடந்ததையும் அதன் விளைவையும் மட்டும் சொல்லுங்கள். “நேத்து அந்த பி.ஆர்.ல ‘இதுகூடத் தெரியாதா’ன்னு எழுதியிருந்தீங்க. அதுக்கப்புறம் அவங்க பி.ஆர். போடவே தயங்குறாங்க.” இவ்வளவுதான். “உங்க ஆட்டிடியூட் சரியில்ல” என்பது யாருக்கும் எதையும் சொல்லாத வாக்கியம். அப்ரைசல் அறையில் ஒருவர் தன் குறையை முதல் முறையாகக் கேட்கிறார் என்றால், அந்த வருடம் வேலை செய்யாதது மேனேஜர்.

அறிகுறி: ஒருவர் லீவு போட்டால் வேலை நிற்கிறது

ஒரு கட்டம் போடுங்கள். வரிசையில் மாட்யூல்கள், மேலே பெயர்கள். தனியாகச் செய்ய முடிந்தால் 2, துணையோடு என்றால் 1, தெரியாது என்றால் 0. எந்த வரிசையில் ஒரே ஒரு 2 இருக்கிறதோ அது ஆபத்து. நம் ஊர் நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள். அதைக் காலம் இருக்கிறது என்று எண்ணிக் கடைசி இரண்டு வாரத்தில் கே.டி. (தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லித் தருவது) தொடங்குவார்கள். ரெக்கார்டிங் நாற்பது மணி நேரம் சேரும், ஒருவரும் திறந்து பார்க்க மாட்டார்.

தெரிந்தவரின் கையைக் கீபோர்டிலிருந்து எடுப்பதுதான் வழி. அந்த மாட்யூலில் வரும் அடுத்த இரண்டு ஸ்டோரியையும் வேறொருவர் எழுதட்டும். தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பேசட்டும், ரிவ்யூ செய்யட்டும். இரண்டு ஸ்பிரிண்ட் வேகம் குறையும். அதைப் பிளானிங்கிலேயே புராடக்ட் ஓனரிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தவருக்கே இது பிடிக்காமல் போகலாம். “நான் மட்டும்தான்” என்பது சிலருக்கு வேலைப் பாதுகாப்பு. அவருக்கு அடுத்து எந்த வேலை காத்திருக்கிறது என்று முதலில் காட்டிவிட்டுக் கட்டத்தை எடுங்கள்.

அறிகுறி: ஆள் சேர்த்தும் தாமதம் கூடுகிறது

தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். எட்டுப் பேருக்கிடையே 28 பேச்சுவழிகள்; பன்னிரண்டு பேரானால் 66. ஸ்க்ரம் வழிகாட்டியும் பொதுவாகப் பத்துப் பேருக்குள் என்கிறது. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் ஸ்பிரிண்டுக்கு ஒருவர். புதியவரின் மெஷினில் ஒரு நாளுக்குள் கோட் ஓட வேண்டும். மூன்று நாளுக்குள் முதல் பி.ஆர். வர வேண்டும். அது முடியவில்லை என்றால் அடுத்த ஆளைக் கேட்பதற்கு முன் செட்டப் ஸ்கிரிப்டைச் சரிசெய்யுங்கள்.

அறிகுறி: எதைச் செய்தும் ஸ்பிரிண்ட் பொருந்தவில்லை

நடுவில் வந்து விழுவது பாதிக்கு மேல் என்றால் அது சப்போர்ட் குழு. அதற்கு ஸ்பிரிண்ட் வேண்டாம், கான்பான் (சுற்று இல்லாமல், இடம் காலியாகும்போது அடுத்த வேலையை எடுக்கும் முறை) போதும். மென்பொருளில் கான்பான் முதலில் பெயர் வாங்கியது நமக்குப் பக்கத்தில்தான்: மைக்ரோசாஃப்டின் உள் அப்ளிகேஷன்களைப் பராமரித்த ஹைதராபாத் குழுவில், 2004-05 வாக்கில். கோரிக்கை வந்து முடிய மாதக்கணக்கில் ஆகிக்கொண்டிருந்தது. பார்த்தால், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எஸ்டிமேட் போடுவதே நேரத்தில் கணிசமான பங்கைத் தின்றது. எஸ்டிமேட் போட்டதில் பல தொடங்கப்படவே இல்லை. அப்போது மைக்ரோசாஃப்டில் இருந்த டேவிட் ஆண்டர்சனின் யோசனைப்படி எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள், கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தார்கள், இடம் காலியானபோது மட்டும் அடுத்தது எது என்று கோரிக்கையாளர்களைக் கேட்டார்கள். காத்திருப்பு சில வாரங்களாகச் சுருங்கியது.

உங்கள் குழுவில் தொடங்க: ஸ்பிரிண்ட் பிளானிங்கை ரத்து செய்யுங்கள். டூ-டூ நெடுவரிசைக்கு 5 என்று வரம்பு வையுங்கள். திங்கள்தோறும் பதினைந்து நிமிடம், காலியான இடங்களை மட்டும் புராடக்ட் ஓனர் நிரப்பட்டும். ஸ்டாண்ட்அப்பும் இரண்டு வார ரெட்ரோவும் அப்படியே இருக்கட்டும். ஐந்து தேதி ஷீட்டும்.